வீட்டுக்குள் ஓடும் வெந்நீர் ஆறு!

ஓடினால் சுகம், நின்றால் ஆபத்து!

2024-ம் ஆண்டு, ஜனவரி மாதம்.

ரஷ்யாவில் அது பண்டிகைக் காலம். புத்தாண்டு பிறந்து நாலே நாள்தான் ஆகியிருந்தது. அந்த நாட்டில் கிறிஸ்துமஸ் பண்டிகை ஜனவரி 7-ந் தேதி வரும். அதுவரை எங்கும் விடுமுறைதான்.

மாஸ்கோ நகரத்துக்குத் தெற்கே போடோல்ஸ்க் என்று ஓர் ஊர் இருக்கிறது. அதன் ஒரு பகுதிக்குக் கிளிமோவ்ஸ்க் என்று பெயர். அடுக்குமாடி வீடுகள் நிறைந்த இடம். அந்த வீடுகளில் பலவற்றுக்கு ஒரே இடத்திலிருந்து வெந்நீர் வரும். ஓர் ஆலையின் பாய்லர் கூடத்தில் தண்ணீரைக் காய்ச்சிக் குழாய் வழியாக வீடு வீடாக அனுப்புவார்கள்.

குளிப்பதற்கு மட்டும் அல்ல. வீட்டைச் சூடாக வைத்துக்கொள்வதற்கு!

ஜனவரி 4-ந் தேதி அந்தப் பாய்லர் கூடம் பழுதாகி நின்றுவிட்டது.

வெளியே கடுங்குளிர். பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக்கும் மேலாக இறங்கியிருந்தது. வீடுகள் மளமளவென்று குளிர்ந்தன. குழாய்களில் நின்றுபோன தண்ணீர் உறைந்தது. பல இடங்களில் குழாய்கள் வெடித்தன.

ஆயிரக்கணக்கான மக்கள், வீட்டுக்குள்ளேயே கம்பளிக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு பல நாட்களைக் கழித்தார்கள். சிலர் வாசலில் நெருப்பு மூட்டிக் குளிர் காய்ந்தார்கள்.

பாய்லரைச் சரிசெய்ததும் கஷ்டம் தீர்ந்ததா? இல்லை! வெடித்த குழாய்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து மாற்றவேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் வெந்நீரை ஓடவிட முடிந்தது.

தண்ணீர் ஓடாமல் நின்றதற்கு இத்தனை அவதியா? ஆம். குளிர் நாட்டு வீட்டுக்கு அந்த வெந்நீர்தான் உயிர்.

அந்தப் பாய்லர் வேறு

பாய்லர் என்றதும் நமக்கு நினைவு வருவது என்ன? கொல்லைப்புறத்தில் இருக்கும் செப்புப் பாய்லர். நடுவில் கரி போட்டு, சுற்றிலும் தண்ணீர் ஊற்றி, குளிக்க வெந்நீர் போடுவோம்.

குளிர் நாட்டுப் பாய்லரும் தண்ணீரைக் காய்ச்சுவதுதான். ஆனால் அந்தத் தண்ணீரை யாரும் எடுத்துக் குளிப்பதில்லை. அது வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை.

பாய்லரில் சூடான தண்ணீரை ஒரு பம்பு தள்ளும். தண்ணீர் குழாய் வழியாக ஒவ்வோர் அறைக்கும் போகும். அறையில், ஜன்னலுக்குக் கீழே, இரும்புப் பலகை போன்ற ஒரு சாதனம் இருக்கும். அதற்கு ரேடியேட்டர் என்று பெயர். வெந்நீர் அதற்குள் புகுந்து, சூட்டை அறைக்குக் கொடுத்துவிட்டு, வேறொரு குழாய் வழியாகப் பாய்லருக்கே திரும்பிவிடும். மறுபடியும் சூடாகும். மறுபடியும் புறப்படும்.

நம் உடம்பில் ரத்தம் ஓடுகிறது அல்லவா? அதே போலத்தான். பம்புதான் இருதயம். குழாய்கள்தான் ரத்தக் குழாய்கள்.

இது இன்று நேற்று வந்த யோசனை அல்ல. 1716-ம் ஆண்டிலேயே, இங்கிலாந்தில் உள்ள நியூகாசில் நகரில், சுவீடன் நாட்டைச் சேர்ந்த மார்ட்டன் டிரீவால்ட் என்பவர், செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தை வெந்நீர்க் குழாய் மூலம் சூடாக்கிக் காட்டினார். 1850-களில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிரான்ஸ் சான் காலி என்பவர் ரேடியேட்டரை உருவாக்கினார். செடிக்கு வந்த சுகம் பிறகு மனிதனுக்கும் வந்தது!

பதினோரு படி, பன்னிரண்டு படி ஆகும்!

தண்ணீருக்கு ஒரு விசித்திர குணம் உண்டு.

மற்றப் பொருள்களில் பெரும்பாலானவை குளிரக் குளிரச் சுருங்கும். தண்ணீரும் அப்படித்தான். ஆனால் 4 டிகிரி வரைதான்! அதற்குக் கீழே போனால், சுருங்குவதற்குப் பதிலாக விரியத் தொடங்கும். பூஜ்யம் டிகிரியில் உறைந்து ஐஸ் ஆகும்போது ஒரே பாய்ச்சலாக விரிந்துவிடும்.

எவ்வளவு விரியும்? நூற்றுக்கு 9 பங்கு. அதாவது, 11 படி தண்ணீர் உறைந்தால் 12 படி ஐஸ் ஆகும்!

இந்தக் குணத்தால் ஒரு நன்மையும் உண்டு. ஐஸ் தண்ணீரைவிட லேசாக இருப்பதால் ஏரியின் மேலே மிதக்கிறது. அடியில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது. மீன்கள் பிழைக்கின்றன.

ஆனால் குழாய்க்கு அது எமன்!

வெடிப்பது எந்த இடத்தில்?

ஐஸ் எந்த இடத்தில் உண்டாகிறதோ, அந்த இடத்தில்தான் குழாய் வெடிக்கும் என்று நாம் நினைப்போம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை.

அமெரிக்காவில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 1990-களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். உண்மை வேறாக இருந்தது.

குழாயில் ஒரு பக்கம் ஐஸ் அடைத்துக்கொள்கிறது. மறு பக்கம் குழாயின் வாய் மூடியிருக்கிறது. நடுவில் தண்ணீர் மாட்டிக்கொள்கிறது. ஐஸ் வளர வளர, அந்தத் தண்ணீரை நெருக்குகிறது. தண்ணீரைப் பஞ்சு போல அமுக்க முடியுமா? முடியாது. அது போக இடம் இல்லாமல் நாலு பக்கமும் முட்டுகிறது. கடைசியில் குழாயில் எந்த இடம் பலவீனமோ, அந்த இடம் படீர் என்று பிளக்கிறது. அங்கே ஐஸே இல்லாமலும் இருக்கலாம்!

இதனால்தான், கடுங்குளிர் இரவுகளில் குடிதண்ணீர்க் குழாயைச் சற்றே திறந்து சொட்டுச் சொட்டாக ஒழுகவிடுவார்கள். ஒழுகும் வழி இருந்தால் நெருக்கம் தணிந்துவிடும்.

பாய்லர் குழாயில் அப்படி ஒழுகவிட முடியாது. அது வாய் இல்லாத வட்டம். இரண்டு இடத்தில் ஐஸ் அடைத்தால், நடுவில் உள்ள தண்ணீர் வசமாக மாட்டிக்கொள்ளும்.

இன்னொரு கொடுமையும் உண்டு. குழாய் பிளந்தது உடனே தெரியாது. உள்ளே ஐஸ் அடைத்துக்கொண்டிருக்கும். வெயில் வந்து ஐஸ் உருகும்போதுதான் தண்ணீர் பீறிடும். ஊருக்குப் போனவர் திரும்பி வந்து கதவைத் திறந்தால், வீடு குளமாக இருக்கும்!

பாய்லருக்கு நாலு காவலர்கள்

ஆகவே, பாய்லரோடு குழாயை இணைப்பது ஏதோ இரண்டு இரும்புத் துண்டை முடுக்கும் வேலை அல்ல. அதற்கு முறை இருக்கிறது. பாய்லரைச் சுற்றி நாலு காவலர்களை நிறுத்துகிறார்கள்.

முதல் காவலன், விரிவுத் தொட்டி. தண்ணீர் உறையும்போது மட்டுமா விரிகிறது? சூடாகும்போதும் விரிகிறது. 10 டிகிரியில் உள்ள 100 லிட்டர் தண்ணீரை 80 டிகிரிக்குச் சூடாக்கினால், ஏறக்குறைய 3 லிட்டர் கூடிவிடும். மூடிய குழாயில் அந்த 3 லிட்டர் எங்கே போகும்? அதற்காகத்தான் இந்தத் தொட்டி. அதன் நடுவில் ஒரு ரப்பர்த் திரை. ஒரு பக்கம் காற்று. மறு பக்கம் தண்ணீர். தண்ணீர் விரிந்தால் திரை நகர்ந்து இடம் கொடுக்கும். ஆறினால் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

இரண்டாவது காவலன், அபாய வால்வு. விரிவுத் தொட்டி கெட்டுப்போனால்? உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஓர் அளவு தாண்டியதும் இந்த வால்வு தானாகத் திறந்து தண்ணீரை வெளியே விட்டுவிடும். பாய்லருக்கும் இந்த வால்வுக்கும் நடுவில் வேறு எந்த வால்வும் வைக்கக் கூடாது. ஏன்? யாராவது தெரியாமல் அதை மூடிவிட்டால், பாய்லர் வெடிகுண்டாகிவிடும்! வால்வின் குழாய் வாய் தரையைப் பார்த்து இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்பவர் மீது வெந்நீர் கொட்டும்.

மூன்றாவது காவலன், ஒருவழி வால்வு. குழாயில் குறையும் தண்ணீரை நிரப்ப, குடிதண்ணீர்க் குழாயிலிருந்து ஓர் இணைப்பு உண்டு. பாய்லரில் சுற்றும் தண்ணீர் பழைய தண்ணீர். துருவும் மருந்தும் கலந்தது. அது குடிதண்ணீரில் கலந்தால் என்ன ஆகும்? ஆகவே, தண்ணீர் உள்ளே வரலாம், திரும்பிப் போகக் கூடாது என்று இந்த வால்வு தடுக்கிறது.

நான்காவது காவலன், காற்றுப் போக்கி. குழாயில் காற்று புகுந்தால் தண்ணீர் ஓட்டம் தடைப்படும். ரேடியேட்டரின் அடிப்பக்கம் சுடும். மேல்பக்கம் ஜில்லென்று இருக்கும். ஆகவே, உயரமான இடங்களில் காற்றை வெளியேற்றும் சிறு திருகு வைக்கிறார்கள். அதே போல, தாழ்வான இடத்தில் தண்ணீரை வடிக்க ஒரு குழாய் வாய் வைக்கிறார்கள். வீட்டைப் பல நாள் பூட்டிவிட்டுப் போகவேண்டுமானால், தண்ணீர் முழுவதையும் வடித்துவிடலாம் அல்லவா?

இன்னொரு ரகசியம். பாய்லர்க் குழாயில் பழைய தண்ணீர்தான் நல்லது! புதுத் தண்ணீரில் பிராணவாயு கலந்திருக்கும். அது இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். சுற்றிச் சுற்றிச் சூடான தண்ணீரில் அந்த வாயு வெளியேறிவிடும். அடிக்கடி புதுத் தண்ணீர் ஊற்றும் வீட்டில் எங்கோ ஒழுக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

எந்தச் சுவரில் குழாய் போடுவது?

வெளிச்சுவரில் குழாயைப் புதைக்கக் கூடாது. உள்சுவரில்தான் போடவேண்டும். இது குளிர் நாட்டுக் கொத்தனார் முதலில் கற்கும் பாடம்.

வேறு வழி இல்லாமல் குளிர் பக்கம் குழாய் போட்டால், அதற்குப் போர்வை சுற்றுவார்கள். ஆனால், போர்வை சூட்டை உண்டாக்காது. இருக்கும் சூடு போகாமல் கொஞ்ச நேரம் தடுக்கும், அவ்வளவுதான். பிளாஸ்க்கில் வைத்த காப்பியும் கடைசியில் ஆறித்தானே போகிறது? நின்றுபோன தண்ணீர், போர்வைக்குள் இருந்தாலும் ஒருநாள் உறையும். ஓடும் வெந்நீர்தான் உண்மையான பாதுகாப்பு.

சிக்கனம் பார்த்து, உபயோகிக்காத அறையின் ரேடியேட்டரை அடியோடு மூடிவிடுகிறவர்கள் உண்டு. வீடு முழுவதும் சூடாக இருக்கும். அந்த ஓர் அறையில் மட்டும் தண்ணீர் ஓடாமல் நிற்கும். அங்கேதான் குழாய் வெடிக்கும்! மிச்சம் பிடித்தது கொஞ்சம்; செலவு வந்தது மலை!

புதிய பாய்லர்களில் பலவற்றுக்கு ஒரு புத்தி உண்டு. உள்ளே உள்ள தண்ணீர் 5 டிகிரி அளவுக்கு இறங்கினால், யாரும் சொல்லாமலே நெருப்பை மூட்டிக்கொள்ளும், பம்பையும் ஓட்டும். ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும், எரிவாயுவும் வேண்டும். ஊருக்குப் போகும்போது 'எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போவோம்' என்று மெயின் சுவிட்சை நிறுத்தினால், காவல்காரனைக் கட்டிப்போட்டு வீட்டைத் திறந்து வைத்த கதைதான்!

மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்பதை 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் கண்டது. அது வெயில் பூமி. திடீரென்று பனிப்புயல் தாக்கியது. 40 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளில் மின்சாரம் போயிற்று. அங்கே வீட்டைச் சூடாக்கும் முறை வேறு. ஆனால், குளிருக்கு ஏற்றபடி போடப்படாத குடிதண்ணீர்க் குழாய்கள் வீடு வீடாக வெடித்தன. அந்தப் புயலில் 246 பேர் இறந்ததாக மாநில அரசு கணக்கு எடுத்தது.

உறையாத தண்ணீர்

சரி, மின்சாரமும் இல்லை, வீட்டில் ஆளும் இல்லை. அப்போது என்ன செய்வது?

தண்ணீரே உறையாமல் செய்துவிட்டால்?

அதற்கும் மருந்து இருக்கிறது. கிளைக்கால் என்ற திரவத்தைத் தண்ணீரில் கலக்கிறார்கள். அதில் இரண்டு வகை உண்டு. எத்திலின் கிளைக்கால் ஒன்று. தித்திப்பாக இருக்கும், ஆனால் கொடிய விஷம். குடித்தால் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரை வாங்கிவிடும். ஆகவே, வீடுகளில் பயன்படுத்துவது புரொபிலின் கிளைக்கால் என்ற இன்னொரு வகை. அதில் விஷம் மிகக் குறைவு.

நூற்றுக்கு 30 பங்கு கலந்தால், பூஜ்யத்துக்குக் கீழே 13 டிகிரி வரை தண்ணீர் உறையாது. பாதிக்குப் பாதி கலந்தால், 33 டிகிரி வரை தாங்கும். அதற்கும் கீழே போனாலும், உடனே பாறை போல் இறுகாமல் கூழ் போல ஆகும். கூழுக்கு நகர இடம் இருந்தால் குழாயைப் பிளக்காது.

அப்படியானால் எல்லா வீட்டிலும் இதையே ஊற்றிவிடலாமே என்று தோன்றும். அதில் சிக்கல் உண்டு. கிளைக்கால் கலந்த தண்ணீர் குறைவான சூட்டைத்தான் சுமக்கும். குழைவாக இருப்பதால் பம்புக்கு வேலை அதிகம். சூட்டில் அதிகமாக விரிவதால் விரிவுத் தொட்டி பெரிதாக இருக்கவேண்டும். நாளாக ஆகப் புளித்து இரும்பை அரிக்கும். ஆகவே, துருத் தடுப்பு மருந்து சேர்த்து, ஆண்டுக்கு ஒரு முறை சோதித்துப் பார்க்கவேண்டும். மோட்டார் காருக்கு ஊற்றும் மருந்தை இதில் ஊற்றக் கூடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஏமாற்றம் ஒன்று உண்டு. குழாயில் எங்கோ ஊசிமுனை அளவு ஒழுக்கு. கிளைக்கால் சொட்டிக்கொண்டே போகிறது. குறைந்த இடத்தைத் தானியங்கி வால்வு வெறும் தண்ணீரால் நிரப்புகிறது. இரண்டு வருஷத்தில், மருந்து பாதி போய்விடுகிறது. 'நம் வீட்டில் மருந்து இருக்கிறது' என்று சொந்தக்காரர் நிம்மதியாகத் தூங்குகிறார். ஒரு கடுங்குளிர் இரவு போதும்! இதனால்தான், மருந்து ஊற்றிய வீட்டில் தானாக நிரப்பும் வால்வை மூடிவிட்டு, கலவை நிறைந்த தனித் தொட்டியை வைக்கிறார்கள்.

ஒரு சின்னக் குழாய் செய்த வேலை

பெரிய குழாய்களை எல்லாம் காப்பாற்றிவிட்டு, ஒரு சின்னக் குழாயை மறந்தால் என்ன ஆகும்? இங்கிலாந்தைக் கேளுங்கள்!

அங்கே 2005-ம் ஆண்டு முதல், புதிதாக வைக்கும் எரிவாயுப் பாய்லர்கள் சிக்கன வகையாக இருக்கவேண்டும் என்று விதி வந்தது. இந்தப் பாய்லர், புகையோடு வீணாகப் போகும் சூட்டையும் பிடித்துக்கொள்ளும். அப்போது புகையில் உள்ள நீராவி குளிர்ந்து தண்ணீராகச் சொட்டும். அந்தச் சொட்டுத் தண்ணீரை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வெளியே கொண்டுபோய் விடும்.

2010 டிசம்பர் வந்தது. பிரிட்டனில் 1910-ல் தொடங்கிய கணக்குப்படி, அவ்வளவு குளிரான டிசம்பர் அதுவரை வந்ததே இல்லை. வெளியே நீட்டிக்கொண்டிருந்த மெல்லிய குழாய்களில் சொட்டுத் தண்ணீர் உறைந்தது. வெளியே போக வழி இல்லாத தண்ணீர் பாய்லருக்குள் தேங்கியது. 'களக் களக்' என்று சத்தம். பாய்லர் தானாக நின்றுவிட்டது!

எப்போது சூடு அதிகம் தேவையோ, அப்போதே ஏராளமான வீடுகளில் பாய்லர் நின்றது. பழுது பார்ப்பவர்களுக்கு ஓய்வே இல்லை. மருந்து என்ன தெரியுமா? வெளியே போய், அந்தக் குழாயின் மேல் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றுவதுதான்!

அதன் பிறகு புத்தி வந்தது. இப்போது அந்தக் குழாயைக் கூடிய வரை வீட்டுக்குள்ளேயே கொண்டுபோகிறார்கள். வெளியே போனால் பருமனான குழாய், குறைந்த நீளம், நல்ல சரிவு, மேலே போர்வை. இதுதான் விதி.

பூமியே உறைந்த ஊர்

உலகத்திலேயே கடுமையான குளிர் ஊர்களில் ஒன்று யாக்கூட்ஸ்க். ரஷ்யாவின் சைபீரியாவில், லேனா நதிக் கரையில் இருக்கிறது. 3 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள். ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி என்பது அங்கே சர்வ சாதாரணம்.

அங்கே பூமியே உறைந்து கிடக்கிறது. 1828-ல் ஷெர்கின் என்பவர் தண்ணீருக்காகக் கிணறு தோண்டத் தொடங்கினார். 1837 வரை தோண்டினார். 116 மீட்டர் ஆழம் போயும் தண்ணீர் வரவில்லை. அங்கேயும் மண் உறைந்தே இருந்தது!

இந்த ஊரில் வெந்நீர்க் குழாயைப் பூமியில் புதைத்தால், மண் உருகிச் சேறாகிவிடும். மேலே உள்ள கட்டடம் சாய்ந்துவிடும். ஆகவே, குழாய்களைத் தரைக்கு மேலே, கால் நட்டு, கனமான போர்வை சுற்றிக் கொண்டுபோகிறார்கள். சாலை குறுக்கிட்டால், குழாய் தோரணவாயில் போல மேலே ஏறி, மறு பக்கம் இறங்கும். வீடுகளும் தூண்களின் மேல்தான் நிற்கின்றன.

தரைக்கு அடியில் நிரந்தர ஐஸ். தரைக்கு மேலே ஓயாமல் ஓடும் வெந்நீர். நடுவில் மனித வாழ்க்கை!

உறைந்துவிட்டால் என்ன செய்வது?

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் சில நேரம் குழாய் உறைந்துவிடும். அப்போது பதற்றம் கூடாது.

முதலில், வீட்டுக்குள் தண்ணீர் வரும் வால்வை மூடவேண்டும்.

பாய்லரிலேயே தண்ணீர் உறைந்திருந்தால், அதை மூட்டவே கூடாது. வழி அடைத்த பாய்லரில் சூடு ஏறினால் நீராவி உண்டாகும். அது போக இடம் இருக்காது. பெரும் விபத்தாகிவிடும். விஷயம் தெரிந்த ஆளைக் கூப்பிடவேண்டும்.

குடிதண்ணீர்க் குழாயாக இருந்தால், அதன் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, வாய்ப் பக்கத்திலிருந்து மெல்ல மெல்லச் சூடு காட்டவேண்டும். வெந்நீரில் நனைத்த துணி போதும். தலைமுடி உலர்த்தும் யந்திரமும் போதும். தீப்பந்தம் காட்டவே கூடாது. குழாயைச் சூடாக்கப் போய் வீட்டையே கொளுத்திக்கொண்டவர்கள் உண்டு.

கிளிமோவ்ஸ்க் மக்கள் அந்த ஜனவரியில் கற்றதும் இதைத்தான். பாய்லர் பெரிதா, சிறிதா என்பதல்ல விஷயம். குழாய் புதிதா, பழையதா என்பதும் அல்ல. உள்ளே இருக்கும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறதா? அதைப் பார்க்க ஓர் ஆள் இருக்கிறாரா? இவ்வளவுதான் கேள்வி.

ஓடும் தண்ணீர் வீட்டைக் காக்கும். நின்ற தண்ணீர் வீட்டை உடைக்கும்!